விலாசம் இல்லாத கற்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அலை வந்து மோதுகிற அந்தக் கறுப்புக் கற்குவியலை "எரிமலைக் கற்கள்" என்று எழுதும் பயணக் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. போன விடுமுறைக்கு வந்த என் அக்கா மகளும் அதையேதான் கேட்டாள். "மாமா, இதெல்லாம் எரிமலை கக்கின கல்லுதானே?"

இல்லை. லாரி கக்கின கல்.

துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் கரைந்துபோனது. மிச்சக் கரையைக் காப்பாற்ற, குவாரிகளில் உடைத்த பாறைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சரி, கொட்டியதைப் பார்க்காத ஒருவர் வெறும் கல்லை வைத்து அது எரிமலைக் கல் இல்லை என்று எப்படிச் சொல்வது? உடைந்த முகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் போதும். கண்ணுக்கே தெரிகிற மணி மணியான படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

பாகு காய்ச்சியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைத்தால் கற்கண்டு விளையும், பெரிய பெரிய கட்டியாக. அதே பாகை முற்றவிட்டுத் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி உடைகிற மிட்டாய்தான் வரும். பாறைக்குழம்பும் அப்படித்தான். தரைக்கு அடியில் மெதுவாக ஆறினால் படிகங்கள் வளர நேரம் கிடைக்கும். எரிமலை வாயிலிருந்து வெளியே வந்து காற்றிலும் தண்ணீரிலும் பட்டு வேகமாக ஆறினால் படிகம் பொடிப்பொடியாக நின்றுவிடும், சில சமயம் படிகமே உருவாகாமல் கண்ணாடியாகிவிடும். பசால்ட் என்கிற கறுப்பு எரிமலைப் பாறை மாவு மாதிரி நுண்ணிய மணியோடு இருப்பதற்குக் காரணம் இதுதான். வாயு வெளியேறிய சின்னச் சின்ன ஓட்டைகளும் பெரும்பாலும் இருக்கும்.

நம் வட்டாரக் குவாரிகளில் அதிகம் உடைபடுவது சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் மேலோட்டில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே வெந்து உருவான பாறை வகை. அதன் பெயருக்கே ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், அது சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை என்று கண்டுபிடித்து 1893ல் அந்தப் பெயரை வைத்தார். கப்பலேறி ஊர் மாறிப் போன ஒரு கல்லின் விலாசத்தை, கல்லை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டார்.

கோள் நிலவியல் என்று சொல்கிறார்களே, அதில் ஒருவர் ஆயுள் முழுக்கச் செய்கிற வேலை இதேதான் என்பது என் எண்ணம். ஒரு கல் எங்கிருந்து வந்தது, அங்கே அப்போது என்ன நடந்தது என்று கேட்பது. அந்த "எங்கே" நிலாவாகவோ செவ்வாயாகவோ இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உட்கார்ந்துகொண்டு எரிமலையைப் பற்றிப் பேசுவதே கொஞ்சம் வேடிக்கை. நம் காலடியில் இருப்பது மணலும் களிமண்ணும் செம்மண்ணும். 'கடலூர் மணற்பாறை' என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு பாறைத் தொகுதி நிலவியல் புத்தகங்களில் இருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் இந்தப் படிவுப் பாறைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. எரிமலை எதுவும் கிடையாது. ஆனால் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே பார்த்தால், கிட்டத்தட்ட இதே அட்சரேகையில், சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி பேரன் (Barren) தீவு இருக்கிறது. அந்தமானைச் சேர்ந்த அந்தத் தீவில்தான் இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்துவிட்டு 1991ல் மறுபடி வெடித்தது. நமக்கும் அதற்கும் நடுவே கிடக்கும் வங்கக் கடலின் ஆழ்தளமும் பசால்ட்தான். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதைக் கிலோமீட்டர் கணக்கில் மூடிவிட்டது.

ஆரோவில் பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் நின்று படம் எடுத்து "செவ்வாய் கிரகம்" என்று போடுகிற பழக்கமும் உண்டு. நிறம் பொருந்துகிறது, இரண்டு இடத்திலும் இரும்புத் துருதான் காரணம். ஆனால் செவ்வாயின் சிவப்பு தோலோடு சரி. 2004 பிப்ரவரியில் ஸ்பிரிட் ஊர்தி, அடிராண்டாக் என்று பெயர் வைத்த ஒரு கல்லை நான்கரை சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்தது. ஆழம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் சிவப்புத் தூசி போய்க் கருஞ்சாம்பல் நிறம் வந்துவிட்டது. பசால்ட். செவ்வாயின் மேற்பரப்பில் பெரும்பகுதி இந்தப் பாறையும் இதிலிருந்து வந்த மணலும்தான். நிலாவில் நாம் முயல் என்றும் பாட்டி என்றும் காட்டுகிற கறுப்புத் திட்டுகள் பசால்ட். வெள்ளியில் இறங்கிய சோவியத் கலங்கள் அளந்த தரையும் அதே குணம். பூமிக் கடலடியையும் சேர்த்துக்கொண்டால், பாறை உலகங்களில் மிகச் சாதாரணமான கல் இதுதான்.

அதனால்தான் வேற்றுக்கிரகம் படிக்கப் போகிறவர் முதலில் ஹவாய்க்கும் ஐஸ்லாந்துக்கும் தக்காணத்துக்கும் போகிறார். நம் ஊர் உதாரணமே பிரமாதமானது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் பொங்கிய லாவா இன்றும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது. அதில் சில ஓட்டங்கள் நாட்டைக் குறுக்கே கடந்து ராஜமுந்திரி வரை வந்திருக்கின்றன. கோதாவரிக் கரையில் கிடக்கும் பசால்ட்டின் வேதியியலை மகாபலேஷ்வர் பக்கத்துப் பாறைகளோடு ஒப்பிட்டுத்தான் இதைச் சொன்னார்கள். ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர்! நிலாவின் இம்ப்ரியம் சமவெளியில் அதைவிட நீண்ட ஓட்டங்கள் தெரிகின்றன. லாவா இவ்வளவு தூரம் ஆறாமல் எப்படி ஓடும் என்ற கேள்விக்கு விடை தேட ராக்கெட் வேண்டாம், ரயில் டிக்கெட் போதும். அதே தக்காணப் பசால்ட்டில் விண்கல் விழுந்து குடைந்த 1.8 கிலோமீட்டர் அகலப் பள்ளம் மகாராஷ்டிரத்து லோனார். பசால்ட் தரையில் விழுந்த விண்கல் என்ன செய்யும் என்று நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகத்தில் மிகக் கொஞ்சம். செவ்வாய் ஆய்வாளர்கள் அங்கே வந்து போவது அதற்காக.

ஆனால் பூமியில் பழகிய கண் அங்கே ஏமாறவும் செய்யும். இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டம், ஒட்டுமொத்தத் துறையும் சேர்ந்து தப்பாகச் சொன்ன இடம்.

அப்போலோ 16. அதுவரை போனவர்கள் பெரும்பாலும் கறுப்புச் சமவெளிகளையும் அவற்றின் ஓரங்களையும் பார்த்திருந்தார்கள். 1972 ஏப்ரலில் ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் வெளிறிய மேட்டுநிலத்தில், டெகார்ட் என்ற பகுதியில் இறங்கினார்கள். சுற்றுப்பாதைப் படங்களை வைத்துப் பல ஆண்டு ஆராய்ந்து இரண்டு விதமான நிலத்தை நிபுணர்கள் குறித்திருந்தார்கள். மட்டமான சமவெளி எரிமலைச் சாம்பலோ லாவாவோ பரவியது, மேடுபள்ளமான குன்றுகள் கெட்டியான லாவா குவிந்தது என்பது கணிப்பு. பூமியில் அப்படித் தெரிகிற நிலங்கள் அப்படித்தான் உருவாகியிருக்கின்றன. வீரர்களுக்கும் எரிமலைப் பாறைகளை அடையாளம் காணவே பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

போன இருவரும் முதல் நடையிலிருந்தே தேடினார்கள். லாவா இல்லை. எடுத்த கல்லெல்லாம் உடைசல் கற்கள். ஜல்லியும் மாவும் ஒன்றாக நசுங்கி ஒட்டிக்கொண்ட கான்கிரீட் மாதிரி, விண்கல் மோதலில் நொறுங்கி மறுபடி இறுகியவை. மொத்தம் சுமார் 95 கிலோ கொண்டுவந்தார்கள். அதில் 11.7 கிலோ எடையுள்ள ஒரு கல்தான் அப்போலோ பயணங்களில் எடுத்ததிலேயே பெரியது. களநிலவியல் குழுவின் தலைவர் வில்லியம் மூல்பெர்கரின் பெயரால் அதை 'பிக் மூலி' என்று அழைக்கிறார்கள். தலைவரின் பெயரைத் தாங்கிய அந்தக் கல்லும் அவர் குழு எதிர்பார்த்த எரிமலைக் கல் இல்லை! மட்டமான சமவெளி, எங்கோ தூரத்தில் நடந்த பிரம்மாண்ட மோதலில் தெறித்து வந்த குப்பை படிந்த இடம் என்று பிறகு புரிந்தது.

இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல் கைக்கு வந்த சில நாட்களில் பத்தாண்டுக் கணிப்பைத் தூக்கிப்போட ஒரு துறை தயாராக இருந்தது என்றால், அந்தத் துறை ஆரோக்கியமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிலாவில் கல்லைப் பொறுக்குவதற்கு முன், நிழலும் நிறமும் அளவும் காட்டும் ஒரு சிறிய முக்காலியைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கல் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, எவ்வளவு புதைந்திருந்தது எல்லாம் பதிவு. விலாசம் எழுதாமல் ஒரு கல்லையும் பையில் போடக் கூடாது என்பது விதி.

அதே ஆண்டு டிசம்பரில் போன அப்போலோ 17ல்தான், நிலாவில் நடந்த பன்னிரண்டு பேரில் ஒரே நிலவியலாளரான ஹாரிசன் ஷ்மிட் இருந்தார். ஷார்ட்டி என்ற சிறு பள்ளத்தின் விளிம்பில் அவர் கால்பட்டுக் கிளறிய மண் ஆரஞ்சு நிறம். சாம்பல் உலகத்தில் ஆரஞ்சு மண்ணைப் பார்த்தால் யாரும் குதிப்பார்கள், அவரும் குதித்தார். அண்மைக் கால எரிமலை வாயுவின் வேலையோ என்று முதலில் தோன்றியது. ஆய்வகத்தில் பார்த்தால் அத்தனையும் நுண்ணிய கண்ணாடி மணிகள். 350 கோடி ஆண்டுகளுக்கும் முன் நெருப்பு நீரூற்றாகப் பீய்ச்சியடித்த லாவாத் துளிகள், விழுவதற்குள் ஆறிப் படிகமாக நேரமில்லாமல் போனவை. பாகு மிட்டாய் கதைதான்.

அந்த மணிகள் பெட்டியில் காத்திருந்தன. 2008ல் ஆல்பர்ட்டோ சால் குழுவினர் புதிய கருவி கொண்டு நிலாவின் எரிமலைக் கண்ணாடி மணிகளை அளந்தபோது, எலும்பாகக் காய்ந்தது என்று எல்லோரும் நம்பிய நிலாவின் உள்ளிருந்து வந்த நீரின் தடயம் கிடைத்தது. எடுத்தது 1972, விடை 2008. அப்போலோ 17 கொண்டுவந்து முத்திரை வைத்த ஒரு மாதிரியை 2022ல்தான் திறந்தார்கள். இந்த வேலையில் சேருகிறவர், தான் பிறப்பதற்கு முன் எடுத்த கல்லில் ஆராய்ச்சி தொடங்கி, தான் ஓய்வுபெற்ற பின் வரப்போகும் கருவிக்காக ஒரு துண்டை மிச்சம் வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். பொறுமை இல்லாதவர்கள் வேறு வேலை பார்ப்பது நல்லது.

விலாசம் தேடிய கதைகளில் நீளமானது நம் நாட்டுக் கதை. 1865 ஆகஸ்ட் 25 அன்று, பிகாரில் கயா பக்கத்து ஷெர்காட்டியில் வானத்திலிருந்து ஐந்து கிலோ எடையில் ஒரு கல் விழுந்தது. ஆங்கிலேயர் 'ஷெர்கோட்டி' (Shergotty) என்று எழுதியது அப்படியே உலகப் பெயராகிவிட்டது. ஆஸ்திரியாவின் குஸ்டாவ் ஷெர்மாக் 1872ல் அதை ஆராய்ந்து, அதில் ஒரு புதுவிதக் கண்ணாடியைக் கண்டார். பார்ப்பதற்குப் பூமியின் பசால்ட் மாதிரியே இருந்தது. விண்கல் ஏன் லாவா மாதிரி இருக்க வேண்டும்? நூறு ஆண்டுகளுக்கு யாருக்கும் சரியான பதில் இல்லை. பிரான்ஸின் ஷாசினியில் 1815ல் விழுந்த ஒரு கல், எகிப்தின் நக்லாவில் 1911ல் விழுந்த கற்கள் என்று இதன் சொந்தங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

வயது பார்த்ததும் சிக்கல் பெரிதானது. விண்கற்கள் பொதுவாக 450 கோடி ஆண்டுக் கிழங்கள். இவையோ வெகு இளசுகள், ஷெர்காட்டி சுமார் 17 கோடி ஆண்டுதான். சிறுகோள்கள் சூரியக் குடும்பம் பிறந்த கொஞ்ச காலத்திலேயே ஆறிப்போனவை, அவற்றில் அண்மையில் லாவா ஓடியிருக்க முடியாது. அப்படியானால் உள்ளே சூடு தங்குகிற அளவுக்குப் பெரிய ஏதோ ஒரு கோள்தான் பிறந்த வீடு. செவ்வாய் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள், பலர் சிரித்தார்கள். ஒரு கோளின் ஈர்ப்பை மீறி ஒரு கல் உடையாமல் எப்படிக் கிளம்பும் என்பது அவர்கள் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. கடைசியில் அண்டார்டிகா பனியில் கிடைத்த இதே வகைக் கல் ஒன்றின் கண்ணாடிக்குள் அடைபட்டிருந்த வாயுவை 1983ல் டொனால்ட் போகார்டும் பிராட் ஜான்சனும் அளந்தார்கள். 1976ல் செவ்வாயில் இறங்கிய வைகிங் கலங்கள் அளந்த காற்றோடு அது ஒத்துப்போனது. மோதிய அதிர்ச்சியில் உருகிய கல், கிளம்பும்போது சொந்த ஊர்க் காற்றை ஒரு மூச்சு உள்ளே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஷெர்காட்டிக் கல்லுக்கு விலாசம் கிடைக்க 118 ஆண்டு ஆனது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தொசைட் என்ற வெளிறிய பாறை கிடைக்கிறது. நிலாவின் மேட்டுநிலம் முக்கியமாக இதே வகைப் பாறை என்பதால், இஸ்ரோ சித்தம்பூண்டிப் பக்கத்துக் கல்லை அரைத்துச் செயற்கை நிலா மண் தயாரித்து, சந்திரயான் கலங்களின் இறங்குகாலையும் ஊர்தியையும் சோதித்தது. "நிலாக் கல் நாமக்கல்லில்" என்று செய்திகள் வந்தன. அது கொஞ்சம் அதிகம். கலவை ஒன்று, பிறந்த விதம் வேறு. சித்தம்பூண்டியில் பூமிக்குள் ஓர் இடத்தில் பாறைக்குழம்பு அடுக்கடுக்காக இறுகியது. நிலாவிலோ, பிறந்த புதிதில் மொத்த நிலாவும் உருகிக் கடலாகக் கிடந்தபோது, கனமான படிகம் அடியில் தங்க, இலேசான வெள்ளைப் படிகம் பால் ஏடு மாதிரி மேலே மிதந்து உறைந்தது என்பது கருத்து.

அந்தக் கருத்தைச் சோதிக்க நமக்கே வாய்ப்பு வந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான் 3ன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், நம் பக்கத்து ஊர். தென் துருவம் பக்கம், சுமார் 69 பாகை தெற்கில், பிரக்யான் ஊர்தி நூறு மீட்டர் உருண்டு 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. இதற்கு முன் மண்ணைத் தொட்டு அளந்த இடங்கள் நடுக்கோட்டுப் பக்கமும் நடு அட்சரேகைகளிலும்தான். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் (பி.ஆர்.எல்.) ஆய்வாளர் சந்தோஷ் வடவாலே குழுவினர் 2024ல் வெளியிட்ட முடிவில், அங்கேயும் அதே அனார்த்தொசைட் குணம்தான். பால் ஏட்டுக் கதைக்கு இன்னொரு மூலையிலிருந்து சாட்சி கிடைத்தது. கூடவே எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் மக்னீசியம் அதிகம். ஆழத்திலிருந்து ஒரு பெருமோதல் தோண்டி வீசிய பொருள் கலந்திருக்கலாம் என்கிறார்கள்.

அப்போலோ 16க்கு நேர் எதிரான சம்பவமும் நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசீரோ பள்ளத்தில் இறங்கியது. ஒரு காலத்து ஏரி அது, ஆறு வந்து சேர்ந்த கழிமுகம் மேலிருந்தே தெரிகிறது. தரையில் ஏரி வண்டல் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். கல்லைத் தேய்த்துப் பார்த்தால் பின்னிக் கிடக்கும் படிகங்கள். ஒரு பகுதி லாவா, இன்னொரு பகுதி, பாறைக்குழம்பின் அடியில் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் தங்கி உறைந்த பாறை. நிலாவில் எரிமலையைத் தேடிப் போய் மோதல் குப்பையைக் கண்டார்கள், செவ்வாயில் சேற்றைத் தேடிப் போய் எரிமலையைக் கண்டார்கள்.

அப்புறம், கண்டுபிடிப்பு எல்லாம் நிலவியலாளர் கையாலேயே நடக்கும் என்றும் இல்லை. வியாழனின் துணைக்கோள் அயோவில் எரிமலை புகைவதை 1979 மார்ச்சில் முதலில் பார்த்தவர் லிண்டா மொராபிட்டோ, வாயேஜர் விண்கலத்தின் பாதையைக் கணக்கிடும் குழுவில் இருந்த பொறியாளர். பின்னணி நட்சத்திரங்களைச் சரிபார்க்கப் படத்தைப் பிரகாசமாக்கியபோது ஓரத்தில் குடை மாதிரி ஒன்று தெரிந்தது.

சரி, இங்கே இருந்து இந்த வேலைக்கு எப்படிப் போவது? அக்கா மகள் கேட்டதும் அதுதான். வழி ஒன்றும் ரகசியம் இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் புவி அறிவியல் துறை இருக்கிறது. முதுகலை முடித்து கேட் அல்லது நெட் தேர்வு எழுதி, பி.ஆர்.எல். போன்ற இடத்தில் ஆராய்ச்சியில் சேர முயல வேண்டும். சந்திரயான் தரவுகளை இஸ்ரோவின் பிரதான் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். எங்கள் காலத்தில் இப்படி ஒன்றை நினைத்தே பார்த்ததில்லை.

ஆனால் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நிலவியல் படித்தவர்களில் பெரும்பாலோர் நிலாவுக்குப் போவதில்லை, போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான், வேலைக்காலம் முழுக்க நிலத்தடி நீர் பார்த்தேன். அதில் எனக்குக் குறையும் இல்லை. படிகத்தைப் படிக்கும் பயிற்சி எல்லோருக்கும் ஒன்றே. கல்லை முப்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் வெளிச்சம் ஊடுருவும். கறுப்புப் பசால்ட் அப்போது நுண்ணோக்கியில் நீலமும் மஞ்சளும் ஊதாவுமாக மின்னும். நிலாக் கல்லையும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் கல்லூரி வாய்மொழித் தேர்வில் ஒரு வழக்கம் இருந்தது. சீட்டு ஒட்டாத ஒரு கல்லை ஆசிரியர் கையில் கொடுப்பார். பெயரை உடனே சொல்லிவிடுகிற மாணவனுக்கு அவர் தலையாட்டுவதோடு சரி. "எங்க எடுத்தது சார்?" என்று திருப்பிக் கேட்கிறவனைத்தான் உட்காரச் சொல்வார்.

போன வாரம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுப்பு, ஓட்டை ஓட்டையாக, நிஜமாகவே எரிமலைக் கல் ஜாடை. "இது என்ன கல்லு மாமா?"

"எங்க எடுத்த?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "ரோட்டோரம். லாரி கொட்டிட்டுப் போனது."